சாயலும் உழைப்பும் – பொம்மை முகங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

சில மாதங்களுக்கு முன்னர் விடுமுறையில் ஊர் வந்திருந்த நண்பரொருவர் இரண்டு பொம்மைத் தலைகளை என் மேசைமீது வைத்தார். இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரே திரைப்பட நடிகரின் முகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவே இருந்தது. ஒன்று கடையில் வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தது. மற்றையது, நண்பர் அதன் வர்ணத்தை முற்றாகக் கழுவிவிட்டுத் தம் கையால் மீண்டும் தீட்டியது. முதலாவது தலை திடுக்குற்று உறைந்துபோன யாரோ ஒருவனுடையதாகத் தோன்றியது. கண்மணிகள் வெவ்வேறு திசைகளை நோக்கின. புருவங்கள் மையினாற் கீறிய கோடுகளாக நின்றன. இரண்டாவது தலையிலோ அந்த நடிகரே இருந்தார். அவருடைய களைப்பும், சற்றே ஏளனம் கலந்த பார்வையும், சவரம் செய்து ஒரு நாள் கடந்த தாடையும் அங்கே இருந்தன.

“எது நன்று?” என்று நண்பர் கேட்டார். நான் தயக்கமின்றி இரண்டாவதைக் காட்டினேன். அத்தோடு நில்லாமல், “முதலாவதைச் செய்தவர்களுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை” என்றும் சொல்லிவைத்தேன். என் முதலாவது தீர்ப்பில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதன்பின் கூறிய அந்த வாக்கியம் பிழையானது. பிழையானது மட்டுமன்று, அநீதியானது. அதனை மீளப் பெறுவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பொம்மையைப் பற்றி ஆராய்வதற்கு ஓர் இலக்கியச் சஞ்சிகையின் பக்கங்களா வேண்டும் என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும், ஒரு நாவலை முன்வைத்து நாம் எழுப்பும் கேள்விகள் பலவும் இப்பெருவிரல் நுனியளவான முகத்திலும் எழுகின்றன. உள்ளதை உள்ளவாறு காட்டுவது என்றால் என்ன? யாருடைய முகம் காட்டத் தகுந்ததாகக் கருதப்படுகின்றது? அதனைக் காட்டும் கை யாருடையது? அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது? இக்கேள்விகளைத் தவிர்த்துவிட்டு, “அச்சொட்டாக இருக்கிறது” என்று வியந்து நிற்பது விமர்சனமாகாது.

*

இங்கே பேசப்படும் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். மேலைநாடுகளில் ‘அக்ஷன் ஃபிகர்’ என வழங்கப்படும் மூட்டசையும் உருவப் பொம்மைகள் இப்போது சிறுவரின் விளையாட்டுப் பொருள்களாக மட்டும் இல்லை. வளர்ந்தோர் அவற்றைச் சேகரிக்கின்றனர், அலுமாரிகளில் வரிசைப்படுத்துகின்றனர், விலைகொடுத்து வாங்கி விற்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர், தொழிற்சாலையிலிருந்து வரும் முகத்தோடு மனநிறைவடையாமல், அதனை அழித்து மீண்டும் தீட்டுகின்றனர். இதனை மீள்தீட்டல் என்று அழைப்போம். கலிபோர்னியாவில் வாழும், பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான நொயெல் குரூஸ் போன்ற சிலர், ஆலையில் வார்த்த பொம்மைகளின்மீது வெள்ளித்திரை நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டி உலகறிந்த பெயர் பெற்றுள்ளனர். ஆயினும் இதனைச் செய்வோரிற் பெரும்பாலோர் பெயரறியப்படாதவர்கள். பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் மேசைவிளக்கின் கீழ் அமர்பவர்கள்.

அவர்களுடைய வேலைமுறை கவனிக்கத் தக்கது. முதலிற் செய்யப்படுவது அழித்தல். பொம்மையைச் சுடுநீரிற் சிறிது நேரம் வைத்து, கழுத்துப் பொருத்து இளகியதும் தலையைக் கழற்றுகின்றனர். சவர்க்காரமிட்டுக் கழுவுகின்றனர். பின்னர் மதுசாரத்தில் தோய்த்த பஞ்சினால் ஆலையின் வர்ணத்தைச் சிறிது சிறிதாக நீக்குகின்றனர். நகப்பூச்சு அகற்றும் திரவத்தை அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் வர்ணத்தோடு பிளாஸ்ரிக்கும் கரைந்து மூக்கும் உதடும் மழுங்கிவிடும். ஆகவே, இக்கலையின் முதற்பாடம் பொறுமை.

அடுத்து வருவது தோல். ஆலைத் தலை பெரும்பாலும் ஒரே நிறமான பிளாஸ்ரிக்கினால் ஆனது. மனிதத் தோலோ ஒரே நிறமானதன்று. கன்னம், மூக்குநுனி, செவிமடல் ஆகியவற்றிற் செம்மை ஓடும். நெற்றியில் மஞ்சள் சாயும். சவரம் செய்த தாடையில் நீலங்கலந்த சாம்பல் தெரியும். மீள்தீட்டுபவர், நீரிற் கரைத்து மெல்லியதாக்கிய அக்கிரிலிக் வர்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுகின்றார். ஒன்று உலர்ந்த பின்னரே மற்றொன்று. தடிப்பாகப் பூசினால் சிற்பியின் நுண்ணிய செதுக்கல்கள் புதைந்துவிடும்.

கண்ணுக்கு வரும்போது மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. நம் சிற்பிகள் கண் திறத்தலை இறுதிச் செயலாக வைத்திருந்தமைக்குத் தொழில்முறைக் காரணமும் இருந்திருக்க வேண்டும் என்று இதைக் காணும்போது எண்ணத் தோன்றுகின்றது. வெண்விழி உண்மையில் வெண்மையானதன்று. இமையின் நிழல் படிந்து மங்கியது. இமையோரக் கோடு கருமையானதன்று, கரும்பழுப்பு. எல்லாவற்றிலும் முக்கியமானது, அமைதியாக இருக்கும் மனிதனின் கருவிழி முழுவட்டமாகத் தெரிவதில்லை என்பது. அதன் மேற்பகுதியை மேலிமை மூடியிருக்கும். முழுவட்டமும் தெரிந்தால் அம்முகம் அஞ்சியதாகவோ திடுக்குற்றதாகவோ மாறிவிடும். என் மேசையிலிருந்த முதலாவது தலையின் திகைப்பிற்குக் காரணம் இதுவே. இறுதியில், முகமெங்கும் மங்கல் வார்னிஷும் கண்களில் மட்டும் பளபளக்கும் வார்னிஷும் பூசப்படுகின்றன. அப்பொழுது விளக்கொளி கண்ணில் ஈரமாகத் தங்குகின்றது.

இதனைக் கைவித்தை என்று ஒதுக்கிவிடுதல் தவறு. தன் மனத்திலுள்ள ‘கண்’ என்னும் பொதுக்குறியை விட்டு, எதிரேயுள்ள கண்ணைப் பார்க்கக் கற்றவரே இதனைச் செய்யமுடியும். புருவம் கறுப்பு, விழி வெள்ளை, உதடு சிவப்பு என்பவை நாம் பாராமலே அறிந்தவை. அப்பழக்க அறிவை உடைத்துப் பார்ப்பதே யதார்த்தத்தின் முதற்படி. இவ்வகையில் மீள்தீட்டுபவர், வாய்ப்பாட்டு வருணனைகளை ஒதுக்கிவிட்டு எழுதத் தொடங்கும் இளம் எழுத்தாளனுக்கு உறவினர்.

குறைகளும் இல்லாமலில்லை. சிலர் திரைப்படத்தின் ஒரு நிழற்படத்தை முன்வைத்து, அதில் விழுந்துள்ள நிழலையும் முகத்திலே தீட்டிவிடுகின்றனர். பொம்மையை ஒரு கோணத்தில் வைத்து நோக்கினால் அது அற்புதமாக இருக்கும். சற்றே திருப்பினால் கன்னத்தில் அழுக்குப் படிந்தாற்போல் தோன்றும். வேறு சிலர் சாயலைத் திருத்துவதாகக் கூறிக்கொண்டு அழகைத் திருத்துகின்றனர். நடிகரின் சுருக்கங்கள் மறைகின்றன, தோல் வெளுக்கின்றது, உதடு மினுங்குகின்றது. அது சாயல் அன்று, முகத்துதி.

*

இனி, நான் மீளப்பெற வேண்டிய வாக்கியத்திற்கு வருவோம். ஆலையில் அந்த முகம் எவ்வாறு தீட்டப்படுகின்றது?

கணக்கொன்றைப் பார்ப்போம். ஆறு அங்குல உருவப் பொம்மை ஏறத்தாழ மனிதனின் பன்னிரண்டில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதனின் கருவிழி குறுக்களவில் 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவானது. எனவே பொம்மையின் கருவிழி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். அதனை இடுவதற்கு ஆலைகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த முறை பின்வருமாறு: கண்ணின் வடிவம் குழியாக வெட்டப்பட்ட தகட்டில் மை நிரப்பப்படும், மென்மையான சிலிக்கோன் மெத்தையொன்று அம்மையைத் தொட்டெடுத்து முகத்தின்மீது அழுத்தும். முடி, உதடு முதலியவற்றிற்கு, வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும் உலோக மறைப்பைத் தலைமீது பொருத்தி வர்ணம் விசிறப்படும். அல்லது தூரிகையாற் கையினாலேயே பூசப்படும். தலையைத் தாங்கியில் வைக்கும் கை கால் மில்லிமீற்றர் பிசகினால், கருவிழி தன் அகலத்தில் நாலிலொரு பங்கு விலகிவிடும். மனிதன் மாறுகண்ணன் ஆகிவிடுவான்.

ஒவ்வொரு நிறமும் ஒரு தனிச் செயல். ஒவ்வொரு செயலும் ஒரு தனிச் செலவு. இமைக்கோட்டிற்குக் கரும்பழுப்பு, கன்னத்திற்குச் செம்மை, தாடைக்குச் சாம்பல் எனச் சேர்த்துக்கொண்டே போனால் பொம்மையின் அடக்கவிலை உயரும். ஆதலின் நிறங்கள் குறைக்கப்படுகின்றன; எஞ்சிய நிறங்களுக்குரிய நேரம் வினாடிகளில் எண்ணப்படுகின்றது. என் நண்பர் தம் தலைக்கு நான்கு மாலைகள் செலவிட்டதாகக் கூறினார். ஆலையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு நான்கு மாலைகள் கொடுக்கப்பட்டிருந்தால்? நண்பரின் மேசைவிளக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடியும், பிழைத்தால் அழித்து மீண்டும் தீட்டும் உரிமையும் கொடுக்கப்பட்டிருந்தால்? ஒரு நாளில் எண்ணற்ற முகங்களைத் தொடும் அந்தக் கை திறமையற்ற கையாக இருத்தல் இயலாது. அதற்கு மறுக்கப்பட்டது நேரம். சாயலின்மை எனப்படுவது, மறுக்கப்பட்ட அந்நேரம் முகத்தில் விட்டுச்சென்ற தழும்பு.

அந்தக் கை யாருடையது? இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பொம்மைத் தொழில் யப்பானிலும், பின்னர் ஹொங்கொங்கிலும் தழைத்து, 1980களிற் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திற்குப் பெருமளவில் நகர்ந்தது. எங்கே கூலி மலிவோ அங்கே பொம்மை பிறந்தது. தொழிற்சாலைகளை நிரப்பியவர்கள் உட்கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். 1993 மே 10 ஆம் நாள் தாய்லாந்தில், நக்கொன் பாதொம் மாகாணத்திலிருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தபோது 188 பேர் மாண்டனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். வெளிவாயில்கள் பூட்டப்பட்டிருந்தன, மேல்மாடிகளிலிருந்து குதித்தோர் பலர், கட்டடமே சரிந்து வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் சீனாவின் ஷென்ஷென் நகரில் ஷிலி பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. யன்னல்களுக்குக் கம்பியிட்டு, வாயில்களைப் பூட்டி வைத்திருந்த அந்த ஆலையில் எண்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர், ஏறத்தாழ அனைவரும் இளம் பெண்கள், உயிரிழந்தனர். ஊரிலிருந்தும் தோழியரிடமிருந்தும் அவர்களுக்கு வந்த கடிதங்கள் எரிந்த கட்டடத்திற் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் ஆய்வாளர்களால் வாசிக்கப்பட்டன. சம்பளம் வந்ததா, மேலதிக நேரவேலை எவ்வளவு, வேறெங்கேனும் நல்ல ஆலை உண்டா என்பவையே அக்கடிதங்களின் பேச்சு.

அங்கே மாண்டவர்கள் பொம்மை முகம் தீட்டியவர்கள் என்று நான் கூறவில்லை. அவ்விரு ஆலைகளும் பலவகைப் பொம்மைகளைச் செய்தவை. ஆயினும், உலகின் அலுமாரிகளுக்குப் பொம்மை அனுப்பிய தொழிலின் உட்புறம் எவ்வாறு இருந்தது என்பதை அத்தீயின் வெளிச்சத்தில் உலகம் கண்டது. 2007 ஆம் ஆண்டில் வேறொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. சீனாவில் செய்யப்பட்ட பொம்மைகளின் வர்ணத்தில் ஈயம் கலந்திருந்தமை தெரியவந்ததும், மட்டெல் நிறுவனம் இலட்சக்கணக்கான பொம்மைகளைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அமெரிக்கப் பெற்றோர் அஞ்சியது இயல்பே. குழந்தை அப்பொம்மையை ஒருமுறை வாயில் வைக்கக்கூடும். ஆனால், அவ்வர்ணம் பயன்படுத்தப்பட்ட ஆலைகளில் நாள்தோறும் அதனைச் சுவாசித்தவர்களைப் பற்றிய பேச்சு மிக மெலிதாகவே ஒலித்தது.

இவற்றை அறிந்த பின்னர், “கண்ணும் இல்லை, கையும் இல்லை” என்ற என் வாக்கியம் என் நாவைச் சுடுகின்றது.

*

சாயல் என்பது அழகியல் விடயம் மட்டுமன்று, அது சொத்தும் ஆகும் என்பதை இப்பொம்மைகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜீ. ஐ. ஜோ’ என்னும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. ஆண்பிள்ளைகள் ‘பொம்மை’ வைத்து விளையாடமாட்டார்கள் என்று அஞ்சிய நிறுவனம், ‘அக்ஷன் ஃபிகர்’ என்ற புதுப் பெயரை அப்போதே வழக்கிற்குக் கொண்டுவந்தது. அம்முகம் எவருடைய சாயலும் அன்று. மனித உருவத்திற்கு ஒருவன் தனியுரிமை கோரமுடியாதாகையால், பிறர் நகலெடுப்பதைக் கண்டுபிடிக்கும் பொருட்டு அதன் வலக்கன்னத்தில் ஒரு தழும்பு இடப்பட்டது. பொம்மையின் முகத்தில் விழுந்த வடு போரில் விழுந்ததன்று, சந்தையில் விழுந்தது.

பின்னர் திரைப்பட நடிகரின் முகமே விற்பனைப் பொருளாயிற்று. 1977 இல் வெளியான ‘ஸ்ரார் வோர்ஸ்’ திரைப்படத்தின் பாத்திரங்களைக் கென்னர் நிறுவனம் 1978 முதல் மூன்றேமுக்கால் அங்குலப் பொம்மைகளாக வெளியிட்டது. ஹான் சோலோ என்னும் பாத்திரத்தின் பொம்மை சிறு தலையோடும் பெருந் தலையோடும் இரு வகையாக வெளிவந்தமை, சாயல் என்னும் சிக்கல் அன்றே நிறுவனத்தையும் தொட்டிருந்தமைக்குச் சான்று. இளவரசி லேயாவாக நடித்த கரி ஃபிஷர், தம் முகச்சாயல் இயக்குநருக்கே சொந்தமாகிவிட்டதால் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பணம் செலுத்தவேண்டியுள்ளது என்று பிற்காலத்தில் மேடையில் நகையாடினார். அந்நகைச்சுவையில் ஓர் உண்மை உறைகின்றது: தன் முகம் தனக்குச் சொந்தமில்லாத நடிகையும், தான் தீட்டிய முகம் தனக்குச் சொந்தமில்லாத தொழிலாளியும் ஒரே பொம்மையின் இரு புறங்களில் நிற்கின்றனர்.

இச்சொத்து எத்துணை விசித்திரமானது என்பதற்கு 2003 ஆம் ஆண்டின் வழக்கொன்றைச் சுட்டலாம். அமெரிக்கச் சுங்க விதிகளின்படி, மனிதரைக் குறிக்கும் பொம்மைகளுக்கு அக்காலத்தில் 12 வீதத் தீர்வையும், மனிதரல்லாதவற்றைக் குறிக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு 6.8 வீதத் தீர்வையும் விதிக்கப்பட்டன. ரோய் பிஸ் என்ற நிறுவனம், தான் இறக்குமதி செய்த ‘எக்ஸ்-மென்’ முதலான உருவங்கள் மனிதர் அல்லர் என்று அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றில் வாதாடி வென்றது. தாங்களும் மனிதரே என்று உலகை நோக்கி முறையிடும் பாத்திரங்களின் கதையே ‘எக்ஸ்-மென்’ என்பதை அறிந்த வாசகர் வருந்தினர். விற்கும்போது மனிதச் சாயல் வேண்டும். தீர்வை செலுத்தும்போது மனிதத் தன்மை வேண்டாம்! வணிகத்தின் தர்க்கம் இதனினும் வெளிப்படையாகப் பேசியதில்லை.

*

எனவே, சாயல் பற்றிய கேள்வியை இன்னும் ஒருபடி ஆழமாக எழுப்புதல் அவசியமாகின்றது. யாருடைய சாயல்?

1967 ஆம் ஆண்டில் மட்டெல் நிறுவனம் ஒரு கறுப்பினப் பொம்மையை வெளியிட்டது. ‘ஃபிரான்ஸி’ என்ற வெள்ளையினப் பொம்மையின் அதே தலையச்சில் வார்த்து, நிறத்தை மட்டும் மாற்றியது. ‘ஜீ. ஐ. ஜோ’வின் கறுப்பின வீரனும் 1965 இல் அவ்வாறே தோன்றியிருந்தான். இதுவும் ஒருவகை மீள்தீட்டலே. ஆனால், ஒரு மக்கட்கூட்டத்தின் முகத்தைப் பாராமலே அவர்களுடைய நிறத்தை மட்டும் பூசிய மீள்தீட்டல். 1965 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வொட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு நிகழ்ந்த பின்னர், அம்மக்களிடையே ‘ஒப்பரேஷன் பூட்ஸ்ராப்’ என்னும் சமூக முயற்சி எழுந்தது. அதன்வழி 1968 இல் ஷிண்டானா என்ற பொம்மைத் தொழிற்சாலை உருவாயிற்று. அங்கே செய்யப்பட்ட ‘பேபி நான்ஸி’ என்னும் பொம்மைக்குக் கறுப்பினக் குழந்தையின் மூக்கும் உதடும் முடியும் முகவெட்டும் இருந்தன. அவ்வாலைக்குத் தொடக்கத்தில் உதவிய நிறுவனங்களுள் மட்டெலும் ஒன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1983 இல் ஷிண்டானா மூடப்பட்டது. அந்தப் பொம்மை 2020 இல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. அங்கே சாயல் என்பது ஒரு நட்சத்திரத்தை ஒத்திருப்பதன்று. ஒரு குழந்தை தன்னைத் தானே காண்பதற்குரிய உரிமை.

2015 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாத் தீவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. வேலை இழந்து வீட்டிலிருந்த சோனியா சிங் என்னும் பெண், பழம்பொருட் கடைகளில் எறிவிலைக்குக் கிடைத்த பொம்மைகளை வாங்கி, அவற்றின் கனத்த கண்மையையும் வீங்கிய உதட்டுச் சாயத்தையும் அழித்துவிட்டு, தெருவில் விளையாடும் சிறுமியரின் எளிய முகங்களைத் தீட்டினார். அவருடைய தாயார் அவற்றிற்குக் கம்பளி உடைகள் பின்னிக் கொடுத்தார். அந்த முகங்களை உலகெங்கும் பல்லாயிரம் பேர் கண்டு மகிழ்ந்தனர். தொழில்நுட்பத்தில் நொயெல் குரூஸின் வேலைப்பாட்டுக்கு இவை ஈடாகா. எனினும், எதைப் பார்த்துத் தீட்டுவது என்ற தெரிவில் இவை வேறொரு திசையைக் காட்டுகின்றன.

நாம் இலக்கியத்தில் இயற்பண்பையும் யதார்த்தத்தையும் வேறுபடுத்துவது இந்த இடத்திலேதான். இயற்பண்புவாதி கண்முன் வைக்கப்பட்டதை மயிரிழை பிசகாமல் நகலெடுக்கிறான். முன்னே வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்று கேட்பதில்லை. யதார்த்தவாதி அதனையும் கேட்கிறான். நிறுவனம் விற்கும் நட்சத்திர முகத்தை நிறுவனத்தைவிடச் செம்மையாகத் தீட்டும் மீள்தீட்டுபவர், எவ்வளவு உயர்ந்த கைவினைஞராயினும், நிறுவனத்தின் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறார். என் நண்பர் இக்கூற்றை ஏற்கவில்லை. “நான் அந்த நடிகரை நேசிக்கிறேன், நேசித்த முகத்தைச் சரியாகப் பார்க்க விரும்புவது குற்றமா?” என்று அவர் கேட்டார். குற்றமன்று. நேசத்தினாற் பிறந்த கவனம் மதிப்பிற்குரியது. அக்கவனம் ஒரு முகத்தோடு நின்றுவிடலாகாது என்பதே என் வேண்டுகோள்.

*

இறுதியாக ஒன்று. 2010களின் பிற்பகுதியிலிருந்து பெரிய நிறுவனங்கள் பொம்மை முகங்களை இலக்கமுறை அச்சினால் உருவாக்கத் தொடங்கின. பத்திரிகைப் படத்தைப் போல நுண்ணிய மைப்புள்ளிகள் தலைமீது நேரடியாகப் பதிக்கப்படுகின்றன. கண்கள் நேராக நிற்கின்றன. தாடையில் நிழல் படிகின்றது. சாயல் வியக்கத்தக்க அளவு கூடியுள்ளது. புதிய பொம்மைகள் பலவற்றிற்கு மீள்தீட்டல் தேவையில்லை என்று சேகரிப்போர் மகிழ்கின்றனர். மகிழட்டும். ஆனால், முகம் சீரானதனால் ஆலையின் நிலைமையும் சீராகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. முன்னர் பிசகிய கண்ணாவது, அங்கே ஒரு கை அவசரப்படுத்தப்பட்டது என்று நமக்குக் காட்டிக்கொடுத்தது. இப்போது அந்தத் தடயமும் மறைகின்றது.

ஹொங்கொங்கில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹொட் ரோய்ஸ் நிறுவனம், ஆறில் ஒரு பங்கு அளவான தன் உருவங்களின் பெட்டிகளில் தலையைச் செதுக்கிய சிற்பியின் பெயரையும் வர்ணம் தீட்டிய கலைஞரின் பெயரையும் அச்சிடுகின்றது. இது வரவேற்கத்தக்க வழக்கம். பொம்மையும் ஒரு கலைஞனின் ஆக்கம் என்ற ஒப்புதல் அதில் உண்டு. ஆனால் அப்பெயர்கள் மூலமாதிரியைச் செய்தவர்களுடையவை. அதனைப் பார்த்து ஆயிரக்கணக்கான தலைகளில் மீண்டும் மீண்டும் தீட்டியவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அனைவருடைய பெயரையும் ஒரு பெட்டியில் அச்சிட இயலாது என்பர். அவர்களுடைய கூலியையும், வேலை நேரத்தையும், சுவாசிக்கும் காற்றையும், பூட்டப்படாத வாயிலையும் உறுதிசெய்ய இயலும் அல்லவா? அதனைக் கோருவதற்கு, பொருளை வாங்குவோரைவிட வலுவுள்ள குரல் எது?

சேகரிப்போர் கூர்மையான கண்ணுடையவர்கள். கால் மில்லிமீற்றர் பிசகையும் காண்பவர்கள். ஒரு கருவிழி விலகியிருந்தால் நிறுவனத்திற்கு முறைப்பாடு எழுதுபவர்கள். அந்த முறைப்பாட்டில் இன்னொரு வரியைச் சேர்த்து எழுதுவது அவர்களுக்குப் பெரும் பாரமன்று: இந்த முகத்தைத் தீட்டியவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? அவ்வரியை எழுதும்போது மீள்தீட்டுபவர் ஆலைத் தொழிலாளியின் பிழையைத் திருத்துபவராக இரார். அவரிடமிருந்து பறிக்கப்பட்ட நேரத்தைத் தம் மேசையில் மீளக் கொடுக்கும் சகதொழிலாளியாக இருப்பார்.

நண்பர் விடைபெறும்போது முதலாவது தலையையும் எடுத்துச் சென்று திருத்தித் தருவதாகக் கூறினார். நான் வேண்டாமென்றேன். அது இன்னும் என் மேசையில், இரு திசைகளை நோக்கியபடி, தீட்டப்பட்டவாறே இருக்கின்றது.